காற்றுத்தர எண்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காற்றில் மிதக்கும் நுண்துகள்கள், நீர்த்துளிகள் எல்லாவற்றுக்கும் ஏரோசால் என்று பெயர். கடல் உப்பு, பாலைவனத் தூசி, புகைக்கரி, சல்பேட் எல்லாம் இதில் அடக்கம். விட்டம் 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமாக உள்ளவற்றைத்தான் பி.எம். 2.5 என்கிறோம். நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடியவை என்பதால் இவற்றின் அளவைச் சரியாகப் படிப்பது முக்கியம். அதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

நான் அடிக்கடி பார்க்கும் தவறு, விலை குறைந்த சென்சார் காட்டும் எண்ணை அப்படியே நம்புவது. இந்தக் கருவிகள் துகளை எடை போடுவதில்லை. உள்ளே ஒரு லேசர் ஒளி இருக்கிறது. அதில் பட்டுச் சிதறும் வெளிச்சத்தை வைத்து எடையை ஊகிக்கின்றன. சல்பேட், நைட்ரேட், உப்புத் துகள்களோ ஈரத்தைக் குடித்து ஊதிப்போகும். விட்டம் ஒன்றரை மடங்கானாலே ஒளி படும் பரப்பு இரண்டேகால் மடங்காகிவிடும். காற்றில் மாசு கூடியிருக்காது, ஆனால் எண் எகிறும். மூடுபனி நாளில் பனித்துளியைக்கூடச் சில சென்சார்கள் மாசாக எண்ணிவிடும். அரசு நிலையங்களில் உள்ள தரமான கருவிகள் காற்றின் ஈரத்தைக் குறைத்த பிறகே அளக்கின்றன. அதனால்தான் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாலும் இரண்டும் ஒத்துப்போவதில்லை.

இதற்காகச் சென்சாரைத் தூக்கிப் போட வேண்டாம். தரமான கருவியின் பக்கத்தில் சில வாரங்கள், முடிந்தால் வெவ்வேறு பருவங்களில் ஓடவிட்டு, ஈரப்பதத்தையும் வெப்பநிலையையும் சேர்த்து ஒரு திருத்தச் சமன்பாடு போடுங்கள். ஓர் ஊரில் போட்ட சமன்பாட்டை இன்னோர் ஊருக்கு எடுத்துப் போகாதீர்கள். துகளின் கலவை மாறினால் திருத்தமும் மாறும். இன்னொன்று, இவற்றில் பல பெரிய தூசியைச் சரியாகப் பிடிப்பதில்லை. அவை தரும் பி.எம். 10 எண்ணை, அதாவது 10 மைக்ரோமீட்டர் வரை விட்டமுள்ள துகள்களின் அளவை வைத்து நான் எந்த முடிவுக்கும் வரமாட்டேன்.

அடுத்தது, காலத்தைக் கவனிக்காமல் ஒப்பிடுவது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பி.எம். 2.5க்கான ஆண்டுச் சராசரி வரம்பைக் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. 24 மணிநேரச் சராசரிக்கு 15. மாலை ஏழு மணிக்கு வந்த ஒரு மணிநேர அளவை அந்த 5உடன் ஒப்பிட்டு ‘பத்து மடங்கு’ என்று எழுதுவது சரியல்ல. மாசின் அளவைப் படிநிலைகளாக மாற்றிக் காட்டும் காற்றுத்தரக் குறியீட்டிலும் (ஏ.க்யூ.ஐ.) கவனம் வேண்டும். அது மைக்ரோகிராம் கணக்கு அல்ல. நாட்டுக்கு நாடு அதன் படிநிலைகள் வேறு. குறியீடு 200 என்றால் 100இன் இரண்டு மடங்கு மாசு என்று பொருளில்லை.

சரி, எண் சரியாகவே இருக்கிறது, அது ஏன் ஏறியது? உடனே ‘யாரோ அதிகமாகப் புகை விட்டிருக்கிறார்கள்’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். நிலத்தை ஒட்டிக் காற்று கலக்கும் அடுக்கு வெயிலுள்ள மதியத்தில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரம் வரை எழும். குளிர்ந்த, காற்று அசையாத இரவில் அதுவே ஓரிரு நூறு மீட்டருக்குச் சுருங்கிவிடும். அதே அளவு புகை, பத்தில் ஒரு பங்கு இடம். இதை மறந்தவர்கள்தான், பலத்த காற்று வீசிய ஒரு வாரத்தைக் காட்டி, புதிய திட்டம் வென்றுவிட்டது என்கிறார்கள். வானிலையின் பங்கைக் கழித்துப் பார்க்காமல் எந்தத் திட்டத்துக்கும் மதிப்பெண் போடக் கூடாது.

செயற்கைக்கோள் படத்தைத் தரைமட்ட மாசாகப் படிப்பதும் இதற்கு நெருங்கிய தவறு. செயற்கைக்கோள் தருவது ஒளியியல் தடிமன், அதாவது தரையிலிருந்து வளிமண்டல உச்சி வரை மொத்தத் துகள்களும் சேர்ந்து எவ்வளவு வெளிச்சத்தை மறிக்கின்றன என்பது. மூன்று கிலோமீட்டர் உயரத்தில் காட்டுத்தீப் புகை கடந்து போனால் படம் சிவந்திருக்கும், கீழே நீங்கள் சுவாசிக்கும் காற்று சுத்தமாக இருக்கும். மேகம் மறைத்த நாளில் அளவீடே கிடைக்காது. அந்த வெற்றிடத்தைச் ‘சுத்தமான நாள்’ என்று எண்ணிவிடாதீர்கள்.

புகைபோக்கி இல்லாத இடத்தில் மாசு வராது என்பதும் தப்புக்கணக்கு. உரத்திலிருந்தும் கால்நடைக் கழிவிலிருந்தும் எழும் அம்மோனியா, எங்கிருந்தோ வந்த கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகளிலிருந்து உருவாகும் அமிலங்களோடு சேர்ந்து காற்றிலேயே துகளாகிறது.

கடைசியாக, என்னை மிகவும் வருத்தும் ஒரு வாதம். 1991இல் பினட்டூபோ எரிமலை வெடித்தபோது அதன் சல்பேட் துகள்கள் உலகச் சராசரி வெப்பத்தைச் சுமார் அரை டிகிரி குறைத்தன. உண்மைதான். அதை வைத்து, ‘மாசு பூமியைக் குளிர்விக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்’ என்கிறார்கள். பினட்டூபோ துகள்கள் மழை எட்டாத அடுக்கு மண்டலத்துக்குப் போனதால்தான் ஓரிரு ஆண்டுகள் தங்கின. நம் வாகனங்களும் ஆலைகளும் விடும் துகள்கள் சில நாட்களிலிருந்து ஓரிரு வாரங்களுக்குள் மழையோடு இறங்கிவிடும். அவற்றில் உள்ள புகைக்கரியோ வெயிலை உறிஞ்சிச் சூட்டைக் கூட்டவே செய்கிறது. கூடவே வெளியேறும் கரியமில வாயுவில் ஒரு பகுதி பல நூறு ஆண்டுகளுக்குக் காற்றிலேயே இருக்கும். அந்தச் சில நாட்களில் துகளைச் சுவாசிப்பதும் நாம்தான், நம் குழந்தைகள்தான்.