குளத்தங்கரைக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொங்கு நாட்டில் இருப்பவர்களுக்குப் பறவை பார்ப்பதுபோலச் செலவில்லாத பொழுதுபோக்கு வேறில்லை. வெள்ளியங்கிரி மலைப்பக்கம் பிறக்கிற நொய்யல், கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும்வரைக்கும் வழியெல்லாம் குளங்களை நிரப்பிக்கொண்டே போகிறது. கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சி, சிங்காநல்லூர், சூலூர் எல்லாமே டவுன் பஸ்ஸில் போய் இறங்குகிற தூரம். திருப்பூர்க்காரர்களுக்கு நஞ்சராயன் குளம், ஈரோட்டுக்காரர்களுக்கு வெள்ளோடு. இவ்வளவு பக்கத்தில் இருந்தும், ஆசையாகக் கிளம்புகிற பலர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு, “ஒண்ணுமே இல்லைங்க, நாலு கொக்குதான் நிக்குது” என்று விட்டுவிடுகிறார்கள். பறவைகள் அங்கேதான் இருக்கின்றன. போகிற நேரமும் நிற்கிற இடமும்தான் தப்பாக அமைந்துவிடுகின்றன.

முதல் தவறு, பெயர் பெற்ற இடத்தை மட்டும் தேடி ஓடுவது. வெள்ளோடு 2022-இலும் நஞ்சராயன் குளம் 2024-இலும், உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. செய்தி வந்ததும் குடும்பத்தோடு கார் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் அதிகமானார்கள். போவது நல்லதுதான். ஆனால் பள்ளி விடுமுறை என்பதற்காகச் சித்திரை வெயிலில், அதுவும் பதினொரு மணிக்குப் போய் நின்றால் என்ன தெரியும்? வடக்கேயிருந்து வலசை வருகிற வாத்துகளும் உள்ளான்களும் ஐப்பசி வாக்கில் வந்து பங்குனிக்குள் பெரும்பாலும் கிளம்பிவிடும். மார்கழி, தை, மாசி மூன்றும்தான் நம் குளங்களுக்கு நிறைந்த மாதங்கள். பொங்கல் விடுமுறையை ஒட்டித் தமிழ்நாடு முழுக்க நடக்கிற பறவைக் கணக்கெடுப்பும் இந்தப் பருவத்தில்தான் வருகிறது. 2015-இலிருந்து நடக்கிறது. யார் வேண்டுமானாலும் தன் வீட்டுப் பக்கத்துக் குளத்திலேயே நின்று எண்ணிச் சேர்க்கலாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல நாள் கிடையாது.

ஆனி, ஆடியில் வேறு தொந்தரவு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று கோவை, பல்லடம், உடுமலை பக்கமெல்லாம் அடித்துத் தள்ளும். கரையில் நின்றால் பைனாக்குலர் கையில் நிற்காது. பறவைகளும் கோரைக்குள்ளும் சம்புக்குள்ளும் ஒதுங்கிவிடும். அந்த மாதங்களில் போனால் விடியற்காலையில் காற்று ஏறுவதற்குள் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

ஊருக்குப் பக்கத்தில் ஒரு குளத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்கே திரும்பத் திரும்பப் போகிறவருக்குத்தான் இந்தப் பொழுதுபோக்கு முழுசாகக் கிடைக்கும் என்பது என் திடமான எண்ணம். மாதம் ஒரு புது இடம் என்று போகிறவருக்குப் படம் சேரும், பெயர்ப் பட்டியல் நீளும். ஆனால் போன வாரம் இங்கே இருந்த நாமக்கோழிக் கூட்டம் இந்த வாரம் எங்கே போனது என்ற கேள்வி அவருக்கு வரவே வராது. எனக்கு அந்தக் கேள்வியிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது.

அதற்குப் பதில் பெரும்பாலும் தண்ணீரில் இருக்கிறது. இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். “இந்த வருஷம் நல்ல மழை, குளம் நிரம்பிக் கிடக்குது, பறவை நிறைய இருக்கும்” என்று கிளம்புவார்கள். குளம் கரை தொட்டு நிற்கும்போது முக்குளிப்பான் இருக்கும், நீர்க்காகம் இருக்கும், கூழைக்கடா வந்தால் மிதந்துகொண்டிருக்கும். நீந்துகிற, முங்குகிற பறவைகளுக்கு ஆழம் பொருட்டில்லை. ஆனால் நெடுங்கால் உள்ளான், பொறி உள்ளான், அரிவாள் மூக்கன், மஞ்சள்மூக்கு நாரை எல்லாம் கால் ஊன்றி இரை தேடுகிறவை. அவற்றுக்குக் கணுக்கால், முழங்கால் அளவுத் தண்ணீரும் அதற்கு அடியில் சேறும் வேண்டும். குளம் நிரம்பினால் அந்த விளிம்பு தண்ணீருக்குள் போய்விடும், அவையும் வேறு இடம் பார்த்துப் போய்விடும். தை பிறந்து தண்ணீர் மெல்ல இறங்க, சேற்றுத் திட்டு வெளியே வரவர, ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். மீனெல்லாம் குறைந்த தண்ணீரில் ஒடுங்கும்போது நாரைகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்க்கலாம். ஆக, போகும் முன்பு விசாரிக்க வேண்டியது தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் இல்லை, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

இதனால்தான் குளத்தை அழகுபடுத்துகிறோம் என்று சுற்றிலும் செங்குத்தாகக் கல் பதிக்கும்போது மனசு அடித்துக்கொள்கிறது. நடப்பவர்களுக்கு நல்ல பாதை வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஒரு பக்கமாவது மண்கரை சரிந்து தண்ணீரில் இறங்குகிற மாதிரி விட்டால் போதும். உள்ளான்கள் நிற்க அந்த இடம்தான்.

எந்தக் கரையில் நிற்பது என்பதையும் யாரும் யோசிப்பதில்லை. வண்டி நிறுத்த வசதியான இடத்தில் நின்றுவிடுகிறார்கள். காலையில் மேற்குக் கரையில் நின்றால் கிழக்கே பார்க்க வேண்டும், சூரியன் நேராக முகத்தில் அடிக்கும், தண்ணீர் தகதகக்கும், எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். நாமக்கோழியையும் தாழைக்கோழியையும் குழப்பிக்கொள்வது அங்கேதான். வெயில் முதுகுப் பக்கம் விழும்படி, காலையில் கிழக்குக் கரையிலும் சாயங்காலம் மேற்குக் கரையிலும் நின்று பாருங்கள். அதே பறவையின் நெற்றியில் வெள்ளையா சிவப்பா என்று பளிச்சென்று தெரியும். வெள்ளை என்றால் நாமக்கோழி. சிவப்பு நெற்றி, சிவப்பு அலகு, அலகு நுனியில் மஞ்சள் என்றால் தாழைக்கோழி.

பைனாக்குலர் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய எண் போட்டதை வாங்க வேண்டாம். 8x42 என்று எழுதியிருந்தால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் அகலம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். பழக்கமில்லாத கைக்கு இதுவே போதும். பத்து, பன்னிரண்டு மடங்கு என்று போனால் கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும். பார்க்கிற பரப்பும் பெரும்பாலும் சுருங்கிவிடும், பறக்கிற பறவையைப் பிடிக்கவே முடியாது. வாங்குவதற்கு முன்பு தெரிந்தவரிடம் ஒரு காலைப்பொழுது இரவல் வாங்கிப் பாருங்கள்.

பெயருக்கு அவசரப்படுவதைத்தான் நான் பெரிய தவறாகச் சொல்வேன். இப்போது செல்போனில் படம் எடுத்துக் காட்டினால் பெயர் வந்துவிடுகிறது, சத்தத்தைப் பதிந்தால்கூட வந்துவிடுகிறது. வசதிதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் பெயர் வந்ததும் பார்வை அடுத்த பறவைக்குப் போய்விடுகிறது. “கொக்குதானே” என்று தள்ளிவிடுகிற வெள்ளைப் பறவையையே எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுக்குப் பின்னால் நடக்கிற மஞ்சள் அலகுக்காரர் உண்ணிக்கொக்கு. தண்ணீர் விளிம்பில் நிற்கிற சின்னக்கொக்குக்கு அலகும் கறுப்பு, காலும் கறுப்பு. அது ஒரு காலைத் தூக்கும்வரை பொறுத்திருங்கள். பாதம் மட்டும் மஞ்சள் பூசினாற்போல இருக்கும். அந்த மஞ்சள் பாதத்தைச் சேற்றுக்குள் விட்டு விறுவிறுவென்று நடுங்க வைக்கும். உள்ளே ஒளிந்திருக்கிற பூச்சியும் மீன்குஞ்சும் கலைந்து ஓடும், அலகு சட்டென்று இறங்கும். பெரிய கொக்குக்கும் நடுத்தரக் கொக்குக்கும் வித்தியாசம், அலகிலிருந்து கண்ணுக்குக் கீழே ஓடுகிற வாய்க்கோட்டில் இருக்கிறது. பெரியதுக்கு அந்தக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும், நடுத்தரத்துக்குக் கண்ணுக்கு நேர் கீழேயே நின்றுவிடும். நாலு கொக்கு என்று நினைத்தது நாலு வகையாகவே இருக்கலாம். ஒரே இடத்தில் அரை மணி நேரம் நின்றால் இதெல்லாம் தானாகத் தெரியவரும்.

நிற்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. தினமும் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களுக்குக் குளத்துப் பறவைகள் பழகிவிட்டன. சீராக நடந்து போகிறவரை அவை கண்டுகொள்வதில்லை. நடந்துகொண்டே வந்து சட்டென்று நின்று, திரும்பி, கையை நீட்டிக் காட்டினால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். ஆகவே தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். மரத்தையோ புதரையோ ஒட்டி நில்லுங்கள். கையைக் காட்டாமல், “அந்தக் கருவேல மரத்துக்கு இடது பக்கம்” என்று மெதுவாகச் சொல்லிப் பழகினால் கூட வருகிற குழந்தைகளும் அப்படியே பழகிக்கொள்வார்கள்.

செல்போனில் சத்தமாகப் பாட்டுப் போட்டுக்கொண்டு கரையில் நடப்பவர்களைப் பற்றி என்ன சொல்வது! அவரவர் காதில் மாட்டிக்கொண்டு கேட்டால் அடுத்தவர்களுக்கும் நிம்மதி. அதைவிட மோசம், பறவையின் குரலையே செல்போனில் ஒலிக்கவிட்டு அதை வெளியே வரவழைப்பது. இன்னொரு பறவை தன் எல்லைக்குள் வந்துவிட்டது என்று நினைத்து, அது இரையை விட்டு, கூட்டை விட்டு ஓடி வரும். நமக்கு ஒரு படம் கிடைக்கும். அதற்குள் வெயிலிலும் காக்கையின் கண்ணிலும் முட்டை கிடக்கும். கூட்டைப் படம் எடுத்து இடத்தோடு நாலு பேருக்கு அனுப்புவதும் அப்படித்தான். நாலு பேர் நாற்பது பேராகி வந்து நிற்பார்கள்.

பொரியும் பிரெட்டும் தண்ணீரில் போடுவதை அன்பால்தான் செய்கிறார்கள், புரிகிறது. ஆனால் குளத்துப் பறவைக்குத் தேவையான தீனி குளத்திலேயே இருக்கிறது. நாம் போட்டதில் மிச்சம் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். கரையில் தெருநாய்களுக்குச் சோறு வைப்பதையும் யோசித்துச் செய்ய வேண்டும். வீட்டு வாசலில் வைத்தால் நல்ல காரியம். குளத்தங்கரையில் வைத்தால் நாய்கள் அங்கேயே தங்கிவிடும், தரையில் முட்டையிடுகிற பறவை எதுவும் மிஞ்சாது.

புத்தகமும் செல்போனும் கையில் இருக்கிற தைரியத்தில், குளத்திலேயே பிழைக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் வருகிறவர்கள் நிறையப் பேர். பரிசலில் மீன் பிடிக்கிறவருக்கும் ஆடு மேய்க்கிற அம்மாவுக்கும் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது. எந்தப் பக்கம் ஆழம், எங்கே சேறு காலை வாங்கும், எந்த மரத்தில் சாயங்காலம் கொக்கு அடையும் எல்லாம் அவர்களிடம் கேட்டால் கிடைக்கும். “அந்தப் பக்கம் எறங்க வேண்டாங்க தம்பி, ஆக்காட்டி முட்டை வெச்சிருக்குதுங்க” என்று பரிசல்காரர் ஒருவர் தடுத்த பிறகுதான், நான் நடக்கவிருந்த தடத்திலேயே முட்டை கிடந்தது எனக்குத் தெரிந்தது. வணக்கம் சொல்லி, வலையில் என்ன விழுந்தது என்று கேட்டால் போதும், பேச்சு தானாக வளரும்.

முட்டை என்றதும் கோடையைச் சொல்லியாக வேண்டும். பங்குனி, சித்திரையில் குளம் பாதி வற்றியதும், உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடுவதும் பைக் ஓட்டுவதும் தொடங்கிவிடும். பறவை பார்க்க வருகிறவர்களும் தண்ணீர் விளிம்புவரை நேராக நடந்து போய்விடுகிறார்கள். வலசைப் பறவைகள் போய்விட்டதால் குளம் காலி என்ற நினைப்புதான் காரணம். ஆள்காட்டி முட்டையிடுவது அப்போதுதான். கூடு என்று எதுவும் இருக்காது. வெட்டவெளியில் சின்னப் பள்ளம், சுற்றிலும் கொஞ்சம் சரளை, நடுவில் பெரும்பாலும் நான்கு முட்டை. மண் நிறத்தில் கறுப்புத் திட்டுகளோடு இருப்பதால் காலடியில் இருந்தாலும் கல் என்றுதான் தோன்றும். பட்டாணி உப்புக்கொத்தி இன்னும் சிறியது, அதன் முட்டை கண்ணில் படவே படாது.

ஆள்காட்டி தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தினால், சத்தம் பலமாகப் பலமாக நீங்கள் முட்டையை நெருங்குகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். நின்று தேட வேண்டாம், படம் எடுக்கவும் வேண்டாம். நீங்கள் அங்கே நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் முட்டை வெயிலில் காய்கிறது. சுற்றிக்கொண்டு வேறு வழியில் போனால் இன்னொரு கூட்டை மிதிக்க வாய்ப்பு உண்டு. வந்த தடத்திலேயே, தரையைப் பார்த்துக்கொண்டு, கத்தல் நிற்கும்வரை திரும்பி நடந்துவிடுங்கள். மைதானத்தில் ஆடுகிற பையன்களிடமும் இடத்தைச் சொல்லி, ஆட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தன்மையாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். அந்தப் பக்கம் பந்து போனால் எடுக்கப் போகிறவன் பார்த்துக் கால் வைப்பான்.