காற்றைக் கேட்காமல் கடலோரம் கிளம்பாதீர்கள்

போன ஆடியில் மீமிசல் முக்கு டீக்கடையில் மூன்று தம்பிகளைப் பார்த்தேன். சைக்கிளில் வந்த காரைக்குடிக்காரர்கள். விடியுமுன் கிளம்பி, தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டி போய், அங்கிருந்து ஈசிஆரில் வடக்கே ஏறி வந்திருந்தார்கள். மூன்று முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். "தொண்டியில இருந்து முப்பதுக்குக் குறையவே இல்லண்ணே, கால் தானா சுத்துது" என்றான் ஒருவன். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதினோரு வருடத்துக்கு முன்னால் அதே கடையில், அதே சந்தோஷத்தோடு நானும் உட்கார்ந்திருந்தேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஹெல்மெட், பம்பு, மாற்று டியூப் பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சுற்றைத் தவறான பக்கம் தொடங்குவது

செட்டிநாட்டிலிருந்து கடல் பார்க்கப் போகிறவர்கள் போடும் சுற்று பெரும்பாலும் இதுதான். காரைக்குடியிலிருந்து தென்கிழக்காகத் தொண்டி, சுமார் 50 கிலோமீட்டர். தொண்டியிலிருந்து கடலை ஒட்டி மீமிசல், சுமார் 25. அங்கிருந்து மேற்கே திரும்பி ஆவுடையார்கோயில் வழியாக வீடு. மொத்தம் 120 கிலோமீட்டருக்குக் குறையாது. தொண்டிப் பாதை பழகிய பாதை, திருவாடானைக் கோபுரம் தூரத்திலிருந்தே வழிகாட்டும். அதனால் எல்லாரும் தொண்டியையே முதலில் பிடிக்கிறார்கள்.

ஆனி, ஆடி, ஆவணியில் இதுதான் கெடுதல். அந்த மாதங்களில் காற்று தென்மேற்கிலிருந்து வரும். கடற்கரையில் அதற்குக் கச்சான் என்று பெயர். தொண்டியிலிருந்து வடக்கே ஏறும்போது அது முதுகைப் பிடித்துத் தள்ளும். மீமிசலில் மேற்கே திரும்பியதும் அதே காற்று முகத்தில் வந்து நிற்கும். அப்போது மணி பத்தைத் தாண்டியிருக்கும், வெயில் ஏறியிருக்கும், கால் 75 கிலோமீட்டர் மிதித்திருக்கும், முன்னால் இன்னும் 45க்கு மேல் இருக்கும். பொட்டல் வழியில் காற்றை மறைக்க ஒதிய மரம்கூடக் கிடையாது.

அந்த முதல் தடவை என்னோடு ஒரு நண்பர் வந்திருந்தார். திரும்பிய பத்து நிமிடத்தில் வேகம் பன்னிரண்டுக்கு இறங்கியது. ஆவுடையார்கோயிலுக்கு முன்னாலேயே அவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ரோட்டோரத்தில் உட்கார்ந்து காலை நீவி நீவிப் பார்த்தோம், விடவில்லை. கடைசியில் ஒரு குட்டியானையைக் கைகாட்டி நிறுத்தி, இரண்டு சைக்கிளையும் காலி வெங்காய மூட்டைகளுக்கு மேல் படுக்கப் போட்டு ஊர் வந்து சேர்ந்தோம். அவர் அதன் பிறகு நெடுந்தூரம் வரவே இல்லை. எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான்.

இத்தனைக்கும் முந்தின ராத்திரி செல்போனில் காற்றைப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். 'தென்மேற்கு' என்று போட்டிருந்தது. தென்மேற்கு நோக்கி வீசுகிறது என்று படித்துவிட்டேன். போகும்போது கஷ்டம், வரும்போது சுகம் என்று கணக்குப் போட்டேன். வானிலைக் கணக்கில் காற்றுக்குப் பெயர் அது வருகிற திசையை வைத்துத்தான். நம் வீட்டிலும் அப்படித்தானே சொல்கிறோம்? மேல்காற்று என்றால் மேற்கிலிருந்து வருவது, வாடை வடக்கிலிருந்து வருவது. வாயில் தினமும் புழங்கும் சொல், செல்போனில் பார்த்ததும் மறந்துபோனது.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. ஈசிஆரில் முப்பதில் பறந்தபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். பின்காற்று சத்தம் போடாது. எதிர்காற்றுதான் காதில் இரையும். முப்பதில் போகிறீர்கள், காதில் ஓசையே இல்லை, செயின் ஓடுவதுகூடக் கேட்கிறது என்றால் காற்று உங்கள் பின்னால் இருக்கிறது. அந்த வேகம் உங்கள் காலுடையது இல்லை. நான் அதை என் பயிற்சியின் பலன் என்று நினைத்தேன். அந்தத் தம்பிகளும் அப்படியே நினைத்தார்கள்.

கணக்கு இது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். காற்றே இல்லாதபோது 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு பங்கு தடை என்று வையுங்கள். எதிரே 20 கிலோமீட்டர் காற்று வீசும்போதும் அதே 20ல் போக வேண்டுமானால் தடை நாலு பங்கு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றவர்கள் சும்மா சொல்லவில்லை.

சரி, என்ன செய்வது? ஆடியில் சுற்றைத் திருப்பிப் போடுங்கள். விடியலில், காற்று எழுவதற்குள், மீமிசலுக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து தொண்டி வரை 25 கிலோமீட்டர் எதிர்காற்றுதான், ஆனால் கால் புதிதாக இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. தொண்டியிலிருந்து வீட்டுக்கு வரும்போது காற்று பெரும்பாலும் இடது விலாவில் படும். சுகம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வந்து சேர்ந்துவிடலாம்.

மார்கழி, தையில் வாடைக்கு நேர்மாறு. தொண்டி முதலில், மீமிசல் பிறகு. கடலோரத்தில் கொஞ்சம் முட்டினாலும் வீட்டுப் பக்கம் திரும்பியதும் காற்று பின்னால் வரும். பங்குனி, சித்திரையில் முற்பகலுக்கு மேல் கடல்காற்று கிளம்பி நிலத்தைப் பார்த்து வீசும், திரும்பி வருகிறவனுக்கு அது துணை. அந்த மாதங்களில் பயம் வெயிலுக்குத்தான்.

செல்போனில் நம்பிக்கை இல்லையா, கரையில் நின்று பாருங்கள். ஒற்றை நங்கூரத்தில் கிடக்கும் வள்ளம் பெரும்பாலும் காற்று வரும் பக்கம் மூக்கைத் திருப்பி நிற்கும். பனை ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

அன்று அந்தத் தம்பிகளிடம் மறைக்காமல் சொன்னேன். வரிசையாகப் போங்கள், முன்னால் போகிறவன் இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை பின்னால் வரட்டும், வேகத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள் என்றேன். மத்தியானம் மூன்று மணிக்குப் போன் வந்தது. சேர்ந்துவிட்டார்கள்.

முள்ளை விட்டுவிட்டு டியூபை மாற்றுவது

நம் பக்கம் ரோட்டின் ஓரவிளிம்பு சீமைக் கருவேல முள்ளுக்குச் சொந்தம். வேலிக்கு வெட்டிப்போட்டது, விறகு வண்டியிலிருந்து சிந்தியது, எல்லாம் அங்கேதான் கிடக்கும். வண்டிக்குப் பயந்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஓட்டுகிறவர்தான் அதிகம் பஞ்சர் ஆகிறார். கோட்டுக்கு உள்ளே ஒரு முழம் தள்ளி ஓட்டுங்கள்.

முள் ஏறினால் வெளியே இருக்கிற பாதி ஒடிந்துவிடும். கூர்முனை டயருக்குள் ஒளிந்திருக்கும், அரிசி நொய் அளவுகூட இருக்காது. புது டியூபைப் போட்டுக் காற்றடித்த ஐந்தாவது நிமிடம் மறுபடி 'ஸ்ஸ்'. விரலால் தடவினால் விரல்தான் கிழியும். ஒரு பழைய துணியை டயரின் உள்பக்கம் முழுச் சுற்றும் இழுத்துப் பாருங்கள், நூல் சிக்குகிற இடத்தில் முள் இருக்கும். என் கருவிப் பையில் அப்பத்தாவின் முள்வாங்கி இருக்கிறது. அவர் சாவிக்கொத்தில் தொங்கியது. அதைவிட நல்ல கருவி இதுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

மீன் வண்டித் தண்ணீர்

ஈசிஆரில் மீன் வண்டிகளிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகிக்கொண்டே போகும். அதில் செதிலும் கொழுப்பும் கலந்திருக்கும். வளைவில் ரோடு பளபளத்தால் பிரேக்கைத் தொடாதீர்கள், சாய்க்காதீர்கள், நேராக உருளவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது இந்தத் தொந்தரவு குறைவு. ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் ஓரத்தில் வருவார்கள், இருட்டில் மெதுவாகப் போங்கள்.

கண்மாய்க் கரையைக் குறுக்குவழி என்று நம்புவது

மேப் காட்டும். மழைக்குப் பிறகு போகவே போகாதீர்கள்.

தண்ணீர்

திருவாடானையிலேயே நிரப்புங்கள். கரையோரம் பல இடத்தில் உப்பு.

கழுவுவதை நாளைக்குத் தள்ளுவது

அன்றைக்கே, நல்ல தண்ணீரில். அப்புறம் செயினுக்கு எண்ணெய்.

ரோட்டில் காயும் தானியம்

சுற்றிப் போங்கள். வழி இல்லையென்றால் இறங்கித் தள்ளுங்கள். எள்ளோ உளுந்தோ மிளகாயோ, அது ஒரு வீட்டின் வருஷ வருமானம்.

சேற்றுக்குள் சைக்கிளை இறக்குவது

தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் அலையாத்திக் காடு இருக்கிறது, வனத்துறை படகில் கூட்டிப்போகிறார்கள். தண்ணீர் வற்றியிருக்கும்போது கரையிலிருந்து பார்த்தால் சேற்றில் பென்சில் பென்சிலாக நிமிர்ந்து நிற்கும். காய்ந்த குச்சி என்று நினைத்துப் படம் எடுப்பதற்காக அதன்மேல் சைக்கிளை உருட்டிப் போகிறார்கள். அவை மரத்தின் மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று கிடையாது, மரம் அவற்றின் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. மார்கழி, தையில் அந்தச் சேற்றில்தான் வலசை வந்த பறவைகள் இரை பொறுக்கும். நாம் பத்தடி உள்ளே போனால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும், மறுபடி இறங்க வெகுநேரம் ஆகும். சைக்கிளை ரோட்டிலேயே பூட்டிவிட்டு, சத்தம் காட்டாமல் கரையில் உட்காருங்கள். அரை மணி நேரத்தில் அவை தாமாகவே பக்கத்தில் வரும்.