ஊர்ந்து போகத் தெரிந்த ஷண்டர்: சிறு டீசல் என்ஜின் கிட்டைக் கட்டும் முறை

என்ஜின் சிறியது, அதனால் வேலையும் எளிது என்று நினைத்து ஷண்டர் (வேகன்களை நகர்த்தி வைக்கும் சிறு என்ஜின்) மாதிரியின் கிட்டை, அதாவது கட்டிச் சேர்க்கும் உதிரிபாகத் தொகுப்பை, வாங்குகிறவர்கள் பலர். உண்மை நேர் எதிரானது. நீண்ட என்ஜினுக்குப் பத்துப் பன்னிரண்டு சக்கரங்கள் இருக்கும். தண்டவாளத்தின் அழுக்கில் ஒரு சக்கரம் மின்தொடர்பை இழந்தாலும் மற்றவை தாங்கிக்கொள்ளும். தொழிற்சாலை ஷண்டருக்கு நான்கே சக்கரங்கள். ஒரு பக்கத்துச் சக்கரங்கள் இரண்டும் தொடர்பிழந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். மோட்டாருக்கும் இடம் போதாது, எடை வைக்கவும் இடம் போதாது. அதற்கு மேல், மாதிரி ரயில்களிலேயே கடினமான வேலையை அதனிடம் கேட்கிறோம்: மனிதன் நடக்கிற வேகத்தில் இரண்டு வேகன்களைத் தள்ளிக்கொண்டு, குலுங்காமல் ஊர்ந்து போய், சொன்ன இடத்தில் நிற்க வேண்டும்.

ஆகவே நான் வலியுறுத்துவது ஒரே ஒழுங்கு. அடிச்சட்டம் மோட்டாருடன் ஊர்ந்து காட்டும்வரை மேற்கூட்டின் ஒரு தகட்டையும் மடிக்காதீர்கள். பெட்டியைத் திறந்தவுடன் கேபினையும் பானெட்டையும் பொருத்திப் பார்க்கக் கை துடிக்கும். அவற்றை மறுபடி உறைக்குள் போட்டு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

எந்த என்ஜின்?

முதல் முறை கட்டுபவர்கள் சங்கிலியால் ஓடும் என்ஜினைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கிலாந்தின் லிங்கன் நகரில் ரஸ்டன் அண்டு ஹார்ன்ஸ்பி கட்டிய 48டிஎஸ் நல்ல உதாரணம். 48 குதிரைத்திறன், ஏழரை டன் எடை, சக்கரங்களை வெளியே இணைக்கும் கோல்கள் எதுவும் இல்லை. பெட்ஃபோர்டின் மோட்டார் ரெயில் நிறுவனத்தார் கட்டிய சிம்ப்ளெக்ஸ் வகையும், ஜெர்மனியின் தாழ்ந்த கேபின் கொண்ட கோஃப் 2 வகையும் அப்படித்தான். கோல்கள் இல்லாததால் அவற்றைச் சரிசெய்யும் வேலையும் இல்லை. ஹன்ஸ்லெட், ஃபௌலர், ஆண்ட்ரூ பார்க்ளே போன்றவர்களின் பெரிய ஷண்டர்களில் இணைப்புக்கோல்களைக் காணலாம். அழகானவை, ஆனால் அவற்றை இரண்டாவது கிட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, இடம் இருப்பவர்களுக்கு 1:43.5 என்பேன். அதில் மோட்டாரும் எடையும் ஓரளவு தாராளமாக அடங்கும். 1:76 அளவிலும் நன்றாகச் செய்யலாம்; ஆனால் அங்கே அரை மில்லிமீட்டர்கூடப் பெரிய பிழைதான்.

இன்னொன்று. ‘ஒரு 48டிஎஸ்’ என்று பொதுவாகக் கட்டாதீர்கள். குறிப்பிட்ட ஓர் என்ஜினை, குறிப்பிட்ட ஒரு காலத்தில் இருந்தபடி கட்டுங்கள். இந்த என்ஜின்கள் ஆலைகளிலும் கற்குவாரிகளிலும் பல பத்தாண்டுகள் உழைத்தவை. அந்தந்தப் பட்டறைக்காரர்கள் புகைக்குழாயை மாற்றினார்கள், திறந்த கேபினுக்குக் கதவு போட்டார்கள், கருவிப்பெட்டியை வேறிடத்தில் பற்றவைத்தார்கள், பஃபர்களை (முனைகளில் மோதல் தாங்கும் பகுதிகளை) மாற்றினார்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி இருப்பது அபூர்வம். ஆகவே இரு பக்கத்துப் புகைப்படமும் கையில் இருக்க வேண்டும். கிட்டின் விளக்கத்தாளும் புகைப்படமும் முரண்பட்டால் நான் புகைப்படத்தைத்தான் நம்புவேன்.

கியர் கணக்கு

இதைப் பொறுமையாகப் படியுங்கள். பெரும்பாலான சிறு ஷண்டர்கள் கெட்டுப்போவது இங்கேதான்.

அசல் என்ஜினின் சக்கர விட்டம் 762 மி.மீ., அதாவது 30 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு ஏறத்தாழ 2,394 மி.மீ. மணிக்கு 16 கி.மீ. என்பது இந்த வகை வண்டிக்கு நல்ல ஓட்டம். நொடிக்கு 4,444 மி.மீ. அப்படியானால் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 111 முறை சுற்றும். மாதிரியின் அளவு எதுவானாலும் இந்த 111 மாறாது. சக்கரமும் தூரமும் ஒரே விகிதத்தில்தானே சுருங்குகின்றன.

இப்போது மோட்டாரைப் பாருங்கள். சிறிய மோட்டார் ஒன்று 12 வோல்ட்டில் நிமிடத்துக்கு 12,000 சுற்றுச் சுற்றுகிறது என்றால், தேவையான கியர் விகிதம் 12,000ஐ 111ஆல் வகுத்து வருவது: சுமார் 108:1. அதே மோட்டாரோடு 30:1 கியரைப் போட்டால் முழு மின்னழுத்தத்தில் சக்கரம் 400 முறை சுற்றும். ஏழரை டன் ஷண்டர் மணிக்குச் சுமார் 57 கி.மீ. வேகத்தில் பறக்கும்! அதைவிட மோசமான விளைவு வேறொன்று: நமக்குத் தேவையான மெதுவான ஓட்டம் முழுவதும் கட்டுப்பாட்டுத் திருகின் தொடக்கத்தில் ஒரு மயிரிழைக்குள் அடங்கிவிடும். கிட்டோடு குறைந்த விகிதக் கியர் வந்திருந்தால் அதை ஒதுக்கிவிட்டு, இரண்டு படிகளில் வேகத்தைக் குறைக்கும் கியர்பாக்ஸைத் தனியாக வாங்குங்கள். மற்றச் செலவுகளைச் சுருக்கினாலும் இதைச் சுருக்க வேண்டாம். கோர்லெஸ் வகை (சுருளுக்குள் இரும்பு இல்லாத) மோட்டார் சிறியதாகவும் மென்மையாகவும் ஓடும். ஆனால் குறைந்த அதிர்வெண்ணில் துடிப்பு அனுப்பும் பழைய கட்டுப்பாட்டுக் கருவிகளில் அது சூடேறும், கவனம்.

அடிச்சட்டம்

பெரும்பாலும் பக்கத் தகடுகள் அமிலத்தால் அரித்தெடுத்த பித்தளையிலோ நிக்கல் சில்வரிலோ வரும். தகட்டை அதைச் சுற்றியுள்ள உலோகச் சட்டத்திலிருந்து வெட்டியவுடன் விளிம்பில் நிற்கும் முனைகளை அரத்தால் முழுதாகத் தேய்த்துவிடுங்கள். மடிப்புக்கோடு எப்போதும் மடிப்பின் உள்பக்கம் வர வேண்டும். மடித்த பிறகு அந்தக் கோட்டின் நெடுக மெல்லியதாகச் சால்டர் (உருக்கி ஒட்டும் பற்றாசு) ஓடவிட்டால் மூலை உறுதிப்படும். இனி அது வளையாது.

அச்சுத் துளைகளை வேண்டுமென்றே சற்றுச் சிறிதாகத்தான் அரித்திருப்பார்கள். ரீமரை (துளையைப் பெரிதாக்கும் கருவியை) கையால் சுழற்றி, இரண்டு சுற்றுக்கு ஒரு முறை அச்சைத் தாங்கும் பித்தளைப் புஷ்ஷைப் பொருத்திப் பாருங்கள். பிறகு நீண்ட நேரான எஃகுக் கம்பிகள் இரண்டை அச்சுகளின் இடத்தில் செருகுங்கள். கம்பிகள் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். வெர்னியர் காலிப்பரால் இடது முனைகளுக்கு இடையிலும் வலது முனைகளுக்கு இடையிலும் உள்ள தூரத்தை அளந்து பார்த்தால், சட்டம் கோணலா இல்லையா என்பது தெரிந்துவிடும். கம்பி நீளமாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாத கோணலும் பெரிதாகத் தெரியும். பிறகு சட்டத்தை நிறுத்திக் கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கி, இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று மறைக்கின்றனவா என்று பாருங்கள். மறைக்கவில்லை என்றால் சட்டம் முறுக்கிக்கொண்டிருக்கிறது. ஒரு மூலையின் சால்டரை மறுபடி சூடாக்கித் தட்டையான கண்ணாடியின் மேல் அழுத்திச் சரிசெய்ய வேண்டும்.

அடுத்து, மூன்று புள்ளித் தாங்கல். என் கருத்தில் நாலு சக்கர வண்டிக்கு இது கட்டாயம். இறுக்கமான சட்டத்தில் நான்கு சக்கரம் இருந்தால், தண்டவாளம் துளி மேடுபள்ளமானாலும் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். நாலு கால் நாற்காலி நொண்டும், மூன்று கால் முக்காலி நொண்டாது, அவ்வளவுதான் தத்துவம். மோட்டார் ஓட்டும் அச்சைச் சட்டத்தில் நிலையாகப் பொருத்துங்கள். மற்ற அச்சின் துளைகளை மேலும் கீழுமாக அரை மி.மீ. நீட்டி, அந்த அச்சின் நடுவில் மட்டும் ஒரு குறுக்குக் கம்பி அழுத்தும்படி செய்யுங்கள். அச்சு அந்த நடுப்புள்ளியில் ஊஞ்சலாடும். நான்கு சக்கரமும் எப்போதும் தண்டவாளத்தைத் தொடும். ஒரு சக்கரத்தின் கீழே தடித்த அட்டைத் துண்டைச் செருகிச் சோதியுங்கள். மற்ற மூன்றில் எதுவும் எழக் கூடாது.

சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையிலான தூரத்தையும் இப்போதே பாருங்கள். 16.5 மி.மீ. பாதைக்குப் (1:76 அளவு) பொதுவாக 14.5 மி.மீ., 32 மி.மீ. பாதைக்கு (1:43.5 அளவு) 29 மி.மீ. இது தவறினால் பாயின்ட்டுகளில் (தண்டவாளம் பிரியும் இடங்களில்) வண்டி தடம் புரளும்.

இணைப்புக்கோல் உள்ள என்ஜினைக் கட்டுகிறீர்கள் என்றால், ஒரு பக்கக் கிராங்குக்கும் (சக்கரத்தில் கோல் மாட்டும் முளை) மறுபக்கக் கிராங்குக்கும் 90 பாகைக் கோணம் எல்லா அச்சிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். முதலில் ஒரு பக்கக் கோலை மட்டும் மாட்டி உருட்டுங்கள். வழுக்கிப் போனால் அதைக் கழற்றி மறுபக்கத்தை மாட்டுங்கள். இரண்டும் தனித்தனியே ஓடிய பிறகே சேர்த்து மாட்ட வேண்டும். பிடிக்கிற இடத்தில் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குங்கள்.

மின்சாரமும் எடையும்

சக்கரத்தின் பின்முகத்தைத் தொடும் தேய்ப்பான்களுக்கு 0.3 மி.மீ. பாஸ்பர் பிரான்ஸ் கம்பியே போதும். கம்பியை நீளமாக விடுங்கள். நீளமான கம்பி மெல்ல அழுத்தும், குட்டையான கம்பி பிரேக் போலப் பிடிக்கும். அச்சு மேலும் கீழும் ஆடினாலும் தொடர்பு விடக் கூடாது. டிஜிட்டல் டிகோடர் (கட்டளையைப் படித்து மோட்டாரை ஓட்டும் சிறு மின்னணுப் பலகை) வைப்பவர்கள் அதனுடன் மின்தேக்கித் தொகுப்பு ஒன்றையும் இணைத்தால், நொடிப்பொழுது தொடர்பு போனாலும் வண்டி நிற்காது. மிகச் சிறிய என்ஜினுக்கு நான் விரும்பும் வழி வேறு: ஒரு தட்டை வேகனை நிரந்தரமாகச் சேர்த்து, அதன் சக்கரங்களிலிருந்தும் மின்சாரம் எடுப்பது. ஹார்ன்பி தயாரித்த 48டிஎஸ் மாதிரியும் இப்படித் துணை வேகனோடுதான் வந்தது. அசல் ஆலைகளிலும் ஷண்டரோடு வேகனைச் சேர்த்து ஓட்டிய இடங்கள் உண்டு என்பதால் இது பொய்க்காட்சி ஆகாது.

எடைக்கு ஈயம் (ஒரு கன செ.மீ.க்கு 11.3 கிராம்), இடம் மிகக் குறைவென்றால் டங்ஸ்டன் (19.3 கிராம்). பானெட்டின் உள்பக்கம், கேபின் தரைக்குக் கீழே, பஃபர் பலகையின் பின்புறம் என்று கிடைத்த மூலையெல்லாம் நிரப்புங்கள். ஈயக் குண்டுகளை வெள்ளைப் பசையால் ஒட்டவே கூடாது. நாளடைவில் ஈயம் வினைபுரிந்து உப்பி, கட்டிய கூட்டையே பிளந்துவிடும். எபாக்சிதான் சரி. வண்டியை ஒரு பென்சிலின் மேல் வைத்தால் இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் சமநிலை வர வேண்டும். ஒரே அச்சுதான் ஓடுகிறது என்றால் எடை சற்று அந்தப் பக்கம் சாயட்டும்.

இப்போது சோதனை. 1:76 அளவில் மணிக்கு 16 கி.மீ. என்றால் ஒரு மீட்டரைக் கடக்க 17 நொடி ஆகும். நடை வேகமான 5 கி.மீ. என்றால் 55 நொடி. கடிகாரத்தைப் பார்த்து ஓட்டுங்கள். 55 நொடிக்கு ஒரு மீட்டர் குலுங்காமல் போய்விட்டால், மேற்கூட்டின் உறையைத் திறக்கலாம்.

மேற்கூடு

அதிகச் சூட்டில் தொடங்கிக் குறைந்த சூட்டுக்கு இறங்குவது முறை. முதன்மை இணைப்புகளுக்கு 188 பாகைச் சால்டர், அதன்மேல் வரும் சிறு உறுப்புகளுக்கு 145 பாகை. ஒயிட் மெட்டல் (எளிதில் உருகும் ஈயக் கலப்பு) வார்ப்புகளுக்கு 70 பாகை. அந்த 70 பாகைச் சால்டர் வெறும் பித்தளையில் சரியாகப் பிடிக்காது. பித்தளைப் பரப்பில் முதலில் 145 பாகைச் சால்டரை மெல்லப் பூசிவிட்டு, சால்டரிங் அயர்னின் சூட்டைக் குறைத்து வார்ப்பை இணைக்க வேண்டும். சூட்டைக் குறைக்க மறந்தால் வார்ப்பு உருகி ஓடிவிடும். சால்டர் பிடிக்க உதவும் பாஸ்பாரிக் அமில ஃபிளக்ஸின் புகையைச் சுவாசிக்காதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். அன்றைய வேலையை அன்றே வெந்நீரில் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். ரேசின் (வார்த்தெடுத்த பிளாஸ்டிக்) கூடானால் இதெல்லாம் இல்லை. தூசியை மூச்சில் இழுக்காமல் ஈரமாகத் தேய்த்தால் போதும்.

பானெட்டின் கதவுகள், ரேடியேட்டர் வலை, கைப்பிடிகள். இவற்றில் கைப்பிடிகளை மட்டும் வார்ப்பில் வந்தபடி விடாதீர்கள். செதுக்கி எடுத்துவிட்டு மெல்லிய கம்பியில் செய்து பொருத்துங்கள். சின்ன வண்டியில் பார்வையாளரின் கண் முதலில் போவது அங்கேதான்.

நிறம்

கழுவி உலர்த்திய உலோகத்துக்கு எட்ச் பிரைமர் (உலோகத்தில் பிடித்துக்கொள்ளும் அடிப்பூச்சு). மஞ்சள்-கறுப்புச் சாய்கோடு உண்டென்றால், மஞ்சளை முதலில் அடித்து, நன்கு காய்ந்ததும் மெல்லிய டேப்பை 45 பாகையில் ஒட்டிப் பிறகு கறுப்பை அடியுங்கள். கறுப்புக்கு முன் டேப்பின் விளிம்பில் மறுபடி ஒரு மெல்லிய மஞ்சள் பூச்சு கொடுத்தால் கறுப்பு உள்ளே கசியாது.

அழுக்கு எந்த ஆலையினுடையதோ அதன் நிறத்தில் இருக்க வேண்டும். சிமென்ட் ஆலை என்ஜின் சாம்பல் வெளுப்பு. சுண்ணாம்புக் குவாரி என்ஜின் தேய்ந்த வெள்ளை. எஃகு ஆலை என்ஜின் செம்பழுப்பு. எல்லாவற்றிலும் துருவை அப்புவது எனக்குப் பிடிக்காத வழக்கம். தினமும் ஓட்டுநர் கால் வைக்கும் படியில் நிறம் தேய்ந்து உலோகம் பளபளக்கும். டீசல் ஊற்றும் மூடியைச் சுற்றி மட்டும் கருமையும் மினுமினுப்பும் இருக்கும். பானெட் கதவின் பிடிகளைச் சுற்றி எண்ணெய்க் கை பட்ட தடம் தெரியும். மனிதர் வேலை செய்த இடங்கள் இவை. தூரிகை அங்கே போனால் போதும்.

ஜன்னல் கண்ணாடியைக் கடைசியில், நிறமெல்லாம் முடிந்த பிறகு, வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். சூப்பர் குளூவின் ஆவி கண்ணாடியை மங்கச் செய்துவிடும்.

எல்லாம் பூட்டிய பின் சக்கரங்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, அச்சுப் புஷ்ஷுகளில் ஊசி முனையளவு எண்ணெய் விடுங்கள். பிறகு ஒவ்வொரு திசையிலும் அரை மணி நேரம் பாதி வேகத்தில் ஓடவிடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தயங்கினால் கியரின் பற்களுக்கிடையே நிறத்துணுக்கு சிக்கியிருக்கிறது என்று பொருள். கழற்றி, பல் பல்லாகத் துலக்கி, மறுபடி ஓட்டுங்கள்.