வகுப்பறையில் வண்ணத்துப்பூச்சி வளர்ப்பது எப்படி?

முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார்கள். அந்த நான்கு சொற்களுக்குள் கிட்டத்தட்ட ஒரு மாதம் அடங்கியிருப்பது சுவரில் தொங்கும் படத்தில் தெரிவதில்லை. அதைக் காட்ட ஒரு கறிவேப்பிலைச் செடி போதும்.

படி 1: மதுரைப் பக்கம் ஐப்பசி மழைக்குப் பின் செடி துளிர்க்கும்போது தேடத் தொடங்குங்கள். இளந்தளிரில் கடுகை விடச் சிறிய வெளிர்மஞ்சள் முட்டை தனியாக ஒட்டியிருக்கும். அதன் அருகில் பறவை எச்சம் போல ஏதாவது கிடந்தால் துடைத்துவிடாதீர்கள். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு அப்படித்தான் வேடம் போடும். இலையோடு கிள்ளி எடுங்கள்.

படி 2: அகன்ற வாயுள்ள ஹார்லிக்ஸ் பாட்டிலில் இலைக்கொத்தை வையுங்கள். காம்பு நனைய ஒரு சிறிய மருந்துக்குப்பியில் தண்ணீர் ஊற்றி, வாயைப் பஞ்சால் அடையுங்கள். இல்லாவிட்டால் புழு உள்ளே விழுந்து செத்துப்போகும். பாட்டில் வாய்க்குக் கொசுவலைத் துணி, ரப்பர் பேண்டு. எறும்பு வராமலிருக்கத் தண்ணீர்த் தட்டின் நடுவில் வையுங்கள். வெயில் படும் ஜன்னலோரம் மட்டும் கூடாது. நம் ஊர் வெயிலில் கண்ணாடிக்குள் புழு வெந்துவிடும்.

படி 3: தினமும் புதிய இலை. மாட்டுத்தாவணிச் சந்தையில் வாங்கியதைப் போடாதீர்கள், எந்தத் தோட்டத்தில் என்ன மருந்து அடித்தார்களோ! வீட்டுச் செடியின் இலையைப் பிள்ளைகளே கொண்டுவருவார்கள். புழுக்கையையும் அன்றாடம் தட்டிவிடுங்கள், பூஞ்சை பிடிக்காது.

படி 4: அளப்பது. புழுவின் அருகில் நூலை நீட்டி, அதன் நீளத்துக்கு வெட்டி, தேதி எழுதி நோட்டில் ஒட்டச் சொல்லுங்கள். ஸ்கேல் பிடிக்கத் தெரியாத பிள்ளைக்கும் வளர்ச்சி கண்ணில் படும். புழு பச்சையாக மாறியபின் ஒரு குச்சியால் மெல்லத் தொடுங்கள். தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சளாக இரு கொம்புகள் நீளும், கூடவே ஒரு நெடி. எதற்காக இந்த நாற்றம் என்று பிள்ளைகள் கேட்கும்வரை வாய் திறக்காதீர்கள். பாடம் நடத்தச் சரியான நேரம் அதுதான்.

படி 5: தீனி நின்று, குச்சியில் பட்டிழையால் தன்னைக் கட்டிக்கொண்டால் கூட்டுப்புழு ஆகப்போகிறது. இனி தொட வேண்டாம். பத்து நாள், சில சமயம் அதற்கும் மேல் பொறுத்திருங்கள். பூச்சி வெளிவந்ததும் கசங்கிய சிறகு விரிந்து உலரத் தொங்குவதற்கு இடம் வேண்டும். உலர்ந்தபின் செடியருகே திறந்துவிடுங்கள். சில கூட்டிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகப் பொடிப்பொடியாகக் குளவிகள் வரும். அவற்றின் தாய் கூட்டுக்குள் முட்டையிட்டிருக்கும். பாட்டிலை ஒளித்துவைக்காமல் அதையும் வரையச் சொல்லுங்கள்.