கரண்டிக்கு அவசரப்படாதீர்கள்: பெங்களூருக்குக் கொத்து வேலைக்கு வருபவர்கள் செய்யும் தவறுகள்

கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வரும் பையன்களில் பலருக்கு ஒரே அவசரம். சித்தாளாக இரண்டு மாதம் நின்றதுமே கொத்துக் கரண்டி பிடித்து, கொத்தனாராகிவிட வேண்டும். கரண்டி பிடித்தால் கூலி கூடும், உண்மைதான். ஆனால் கலவை தெரியாதவன் கட்டிய சுவரை மறுநாளே பிரிக்கச் சொல்வார்கள். அப்புறம் சித்தாள் கூலிக்கும் இழுபறிதான்.

கலவை போடும் இடத்தை இளக்காரமாக நினைப்பது

முதல் தவறே இதுதான், மற்றவை பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவை. 1:6 என்றால் ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல். 50 கிலோ மூட்டை ஒன்று கொள்ளளவில் 35 லிட்டர். அதனால் 40 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரத்தில் ஒரு பெட்டி அடித்துக்கொண்டால் அதில் ஆறு பெட்டி மணலுக்கு ஒரு மூட்டை, கணக்கு முடிந்தது. பாண்டுச் சட்டியில் அளந்தால் ஒருவர் கூம்பாக அள்ளுவார், இன்னொருவர் தலைதட்டி அள்ளுவார். ஒரே சுவரில் ஒரு பக்கம் இறுகும், மறுபக்கம் உதிரும்.

ஈர மணல் உப்பி நிற்கும். லேசான ஈரத்திலேயே 20 சதவீதத்துக்கு மேல் பருமன் கூடலாம். அதே பெட்டியில் அளந்தால் மணல் குறைந்து சிமெண்டு ஏறிவிடும். பூச்சில் முடி போல வெடிப்பு வர இதுவும் ஒரு காரணம். கண்ணாடி டம்ளரில் மணலைப் போட்டு, மூழ்கத் தண்ணீர் ஊற்றிக் கலக்கிவிடுங்கள். படிந்ததும் மட்டம் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு உப்பல்.

மணலும் சிமெண்டும் ஒரே நிறமாகும் வரை, குறைந்தது மூன்று முறை, காய்ந்தபடியே புரட்ட வேண்டும். பிறகுதான் தண்ணீர். தண்ணீர் விட்ட கலவையை அரை மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து, இறுகத் தொடங்கிய கலவையில் இன்னொரு சொம்பு தண்ணீரை ஊற்றிக் குழைப்பது எல்லா சைட்டிலும் நடக்கிறது. பார்க்கப் பதமாகத்தான் இருக்கும், பலம் போயிருக்கும்.

இங்கே ஆற்று மணலைப் பார்ப்பது அரிது. கல்லை உடைத்துச் செய்யும் மணல்தான். அதில் எம்-சாண்ட் கட்டுக்கும் கான்கிரீட்டுக்கும், அதைவிட நைசான பி-சாண்ட் பூச்சுக்கு. இரண்டையும் மாற்றிப் போட்டால் பூச்சு சொரசொரவென்று இழுக்கும், அல்லது காய்ந்ததும் வெடிக்கும்.

ஊர்ச் செங்கல் பழக்கத்தை சாலிட் பிளாக்கில் காட்டுவது

செங்கல்லைக் குமிழி அடங்கும் வரை ஊற வைத்துக் கட்டிப் பழகியவர்கள், பெங்களூரில் எங்கும் கிடக்கும் சாலிட் பிளாக்கையும் (உள்ளே துளை இல்லாத கான்கிரீட் கல்) தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிடுகிறார்கள். செய்யாதீர்கள். ஊறிய பிளாக் காயும்போது சுருங்கும், சுவர் கீறும். கட்டும் முகத்தில் கையால் தண்ணீர் தெளித்தால் போதும்.

ஜாயிண்ட், அதாவது இரண்டு கல்லுக்கு நடுவில் நிற்கும் கலவை, 10 மி.மீ., நம் கணக்கில் மூன்று நூலும் கொஞ்சமும். வடநாட்டு மிஸ்திரி இதையே ‘சூத்’ என்பார். அவர் சொல்வதும் நூல்தான், அங்குலத்தில் எட்டில் ஒன்று. கோணலான பிளாக்கைச் சரிக்கட்ட ஜாயிண்டை ஏழெட்டு நூலுக்கு ஏற்றுவதும், மேல் வரியின் (கல் வரிசையின்) ஜாயிண்டைக் கீழ் வரி ஜாயிண்டின் நேர்மேலே விடுவதும் சுவருக்கு ஆகாது.

8 அங்குல உயர பிளாக்கில் ஒரு நாளைக்கு ஆறு வரி, அதாவது நாலடி, அதற்கு மேல் ஏற்றினால் அடி வரிக் கலவை நசுங்கிச் சுவர் தூக்கு விட்டு, செங்குத்து தவறிப்போகும். 4 அங்குலச் சுவருக்கு 1:4 கலவை. ஏறக்குறைய 3 அடிக்கு ஒருமுறை இரண்டு கம்பி வைத்த கான்கிரீட் பட்டையும் வேண்டும். பீமுக்கு அடியில் கடைசி இடைவெளியை அன்றே அடைக்காமல், சுவர் அமர்ந்த பிறகு அடையுங்கள்.

6 அங்குல பிளாக் ஒன்று 25 கிலோ வரும். இடுப்பை வளைத்துத் தூக்கிப் பழகினால் நாலைந்து வருடத்தில் முதுகு போய்விடும். முழங்காலை மடக்கித் தூக்குங்கள்.

கருவியைச் சோதிக்காமல் நம்புவது

ரசமட்டத்தை (குமிழி வைத்து மட்டம் பார்க்கும் கட்டை) ஒரு பலகைமேல் வைத்துக் குமிழி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதே இடத்தில் இடவலமாகத் திருப்பி வையுங்கள். குமிழி இடம் மாறினால் அந்த மட்டம் பொய் சொல்கிறது. சுவர் செங்குத்தா என்று பார்க்கும் தூக்குக்குண்டில், நூலின் மேல் முனையில் உள்ள கட்டையின் அகலமும் குண்டின் அகலமும் ஒன்றாக இருக்க வேண்டும். கட்டையைச் சுவரோடு அழுத்திப் பிடித்தால் குண்டு சுவரைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். குண்டு சாய்ந்து ஒட்டிக்கொண்டால் சுவர் கீழே வெளித்தள்ளியிருக்கிறது, விலகி நின்றால் உள்வாங்கியிருக்கிறது. தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் டியூபில் காற்றுக் குமிழி இருந்தால் அளவே தப்பு. மூலைக்கு 3, 4, 5 அடிக் கணக்கு போதும்: ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்தால் குறுக்கே 5 அடி வர வேண்டும்.

பூச்சில்

கான்கிரீட் தூணின் வழவழப்பைக் கொத்திச் சொரசொரப்பாக்காமல் பூசுவதும், தூணும் பிளாக்கும் சேரும் இடத்தில் கோழிவலை அடிக்காமல் விடுவதும் ஆறே மாதத்தில் நெட்டுக்குத்தாகக் கோடு போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். உள்சுவருக்கு 12 மி.மீ. போதும். வெளிச்சுவருக்கு 20 மி.மீ., அதையும் இரண்டு தடவையாக. ஈரம் சீக்கிரம் இழுக்கட்டும் என்று காய்ந்த சிமெண்டைத் தூவித் தேய்ப்பவர்கள் உண்டு. சிலந்தி வலை மாதிரி வெடிப்பு அதன் பரிசு. ‘பெங்களூரு குளுகுளுதானே’ என்று தண்ணீர் விடாமல் இருக்காதீர்கள். பனிக்காலக் காற்று வறண்டது. குறைந்தது 7 நாள் நனைய வேண்டும்.

கையுறை இல்லாமல் கலவையை அள்ளுவது வீரம் அல்ல. சிமெண்டின் காரம் தோலை அரிக்கும். புண் வந்துவிட்டால் வாரக்கணக்கில் வேலை போகும்.

காகிதமும் கணக்கும்

‘அனுபவம் இருக்க, சான்றிதழ் எதற்கு’ என்பார்கள். பெரிய கம்பெனி சைட்டில் அது கேட்கப்படும். ஐடிஐயில் கொத்தனார் பிரிவு ஓராண்டு, எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்று தரும் ஆர்.பி.எல். (முன் கற்றலை அங்கீகரித்தல்) முறையும் உண்டு.

சதுர அடிக் கணக்கில் வேலை எடுக்கும்போது மொத்தத் தொகையை மட்டும் பேசிவிட்டு வருவது பெரிய தவறு. சாரம் யார் கட்டுவது, தண்ணீர் விடுவது யார், ஜன்னல் திறப்பைக் கழிப்பதா என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அரசு அளவை முறையில் அரை சதுர மீட்டர் வரையான திறப்பைப் பூச்சில் கழிக்க மாட்டார்கள். தனியார் சைட்டில் பேச்சுதான் சட்டம். முன்பணம் வாங்கினால் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். கணக்கு இல்லாத முன்பணம் எந்நாளும் தீராது.

கர்நாடகக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிய வயது 18 முதல் 60, கடந்த 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்ததற்குச் சான்று. சைட் மாறும்போது அந்தச் சான்றை வாங்காமல் போய்விட்டு, பிறகு மேஸ்திரியைத் தேடி அலைபவர்கள் அதிகம். ஒரு நோட்டில் தேதி, சைட் முகவரி, மேஸ்திரி பெயர், போன் நம்பர் என்று எழுதி, வேலை முடிகிற சனிக்கிழமை சம்பளத்தோடு கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள்.