கோடை வெயிலில் வீட்டுக் காய்கறித் தோட்டம்: ரசாயனம் இல்லாமல் காய்ப்பு எடுக்க

கோடையில் செடி வாடியதும் எல்லோரும் இலையைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது மண்ணை. வேர் குளிர்ச்சியாகவும் மண் ஒரே சீரான ஈரத்தோடும் இருந்தால், கடும் வெயிலிலும் வெண்டை, கத்தரி, கொத்தவரை, தட்டைப்பயறு எல்லாம் தாராளமாகக் காய்க்கும். வேர் சூடேறிவிட்டால் பஞ்சகவ்யா தெளித்தாலும் பயனில்லை, மண்புழு உரம் கொட்டினாலும் பயனில்லை. அதனால் உரத்தைப் பற்றி யோசிக்கும் முன் மண், மூடாக்கு (மண்ணின் மேல் பரப்பும் காய்ந்த இலை, வைக்கோல்), தண்ணீர் மூன்றையும் சரிசெய்துவிடுங்கள்.

மண்ணும் தொட்டியும்

வெயில் உச்சத்துக்கு ஏற ஒரு மாதம் முன்பே மண்ணைத் தயார் செய்ய வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்த்தூள் ஒரு பங்கு. இதோடு 12 அங்குலத் தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு கலந்து, லேசாக ஈரப்படுத்தி, பத்து நாள் நிழலில் வைத்த பிறகு விதைக்கலாம். தொழு உரம் மக்கியதா என்பதை மணத்தை வைத்தே சொல்லிவிடலாம். மண்வாசனை வந்தால் மக்கிவிட்டது. சாண வாடை அடித்தால் இன்னும் மக்கவில்லை. மக்காத உரம் மண்ணுக்குள் மக்கும்போது சூட்டைக் கிளப்பும். கோடையில் இளவேர் கருக அதுவே போதும்.

நார்த்தூளை அப்படியே போடாதீர்கள். அதில் உப்பு இருக்கும். வாளியில் ஊறவைத்து, தண்ணீரின் பழுப்பு நிறம் குறையும்வரை இரண்டு மூன்று முறை பிழிந்து கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கறுப்பு நிறப் பைகளும் தொட்டிகளும் வெயிலை அப்படியே உறிஞ்சும். மேற்குப் பக்கம் வெயில் படும் பையைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். உள்ளே அந்தப் பக்கத்து வேரெல்லாம் செத்துக்கொண்டிருக்கும். பையைச் சுற்றிச் சாக்கைக் கட்டலாம், வெளிப்புறம் சுண்ணாம்பு அடிக்கலாம், அல்லது தொட்டிகளை நெருக்கமாக வைத்து ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழச் செய்யலாம். மொட்டை மாடியில் தொட்டியை நேராகத் தளத்தில் வைக்காமல் செங்கல் மேல் வையுங்கள். கீழிருந்து வரும் சூடு குறையும், வடிகால் துளையும் அடைபடாது. வெண்டைக்கு 12 அங்குலத் தொட்டி போதும். கத்தரிக்கு 15 அங்குலம், கொடிகளுக்கு 18 அங்குலத்துக்குக் குறையவே கூடாது. சின்னத் தொட்டியில் மண் குறைவு என்பதால் மதியத்துக்குள் காய்ந்துவிடும்.

தரையில் போடுபவர்கள் கோடைக்கு மேட்டுப்பாத்தியைத் தவிருங்கள். தரைமட்டத்தைவிட ஒரு சாண் தாழ்ந்த பள்ளப்பாத்தியில் தண்ணீர் ஓடிவிடாமல் வேரடியிலேயே நிற்கும்.

மூடாக்கு

கோடைத் தோட்டத்தில் ஒரே ஒரு வேலைதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், மூடாக்குப் போடுவதையே செய்யுங்கள். காய்ந்த இலை, வைக்கோல், விதை கட்டாத களை, கரும்புச் சோகை எது கிடைத்தாலும் சரி. கனம் 5 முதல் 8 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். மெல்லியதாகத் தூவுவது அலங்காரத்துக்குத்தான் ஆகும். தண்டைச் சுற்றி இரண்டு விரல் இடம் விட்டுப் போடுங்கள், ஒட்டிப் போட்டால் தண்டு அழுகும். மதியம் இரண்டு மணிக்கு மூடாக்கை விலக்கி விரலை வைத்துப் பார்த்தால், மேலே மொறமொறவென்று காய்ந்த இலை, அடியில் கறுத்து ஈரமான மண், சில்லென்று இருக்கும். பக்கத்தில் மூடாத மண்ணையும் தொட்டுப் பாருங்கள், வித்தியாசம் விரலிலேயே தெரியும்.

கரையான் வருமே என்ற பயம் நியாயமானது. அது காய்ந்த பொருளைத் தேடித்தான் வரும். வாரம் ஒருமுறை மூடாக்கைக் கிளறி, அடியில் கொஞ்சம் வேப்பம் புண்ணாக்குத் தூவி, தண்ணீர் தெளித்து வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

தண்ணீர்

காலை ஏழு மணிக்குள் பாய்ச்சுங்கள். ராத்திரி முழுக்க ஆறியதால் மாடி டேங்கில் இருக்கும் தண்ணீரும் குளிர்ந்திருக்கும். பகலில் குழாயைத் திறந்தால் முதலில் வருவது வெயிலில் கிடந்து கொதித்த தண்ணீர். அதை வாளியில் பிடித்து வைத்துவிட்டு, நன்றாக ஆறிய பிறகே செடிக்கு விடுங்கள்.

அளவு என்று ஒரு கணக்கை எல்லோருக்கும் சொல்ல முடியாது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம். ஒட்டாவிட்டால் அடித்துளை வழியாக வடியும்வரை மெதுவாக ஊற்றுங்கள். தினமும் மேலாகத் தெளிப்பது கெடுதல். வேர் ஈரத்தைத் தேடி மேலே வந்து வெயிலில் மாட்டிக்கொள்ளும்.

ஊற்றிய உடனே தண்ணீர் அடியில் வடிந்தால் திருப்தி அடையாதீர்கள். மண் முழுக்கக் காய்ந்து சுருங்கி, ஓரத்தில் இடைவெளி விட்டிருக்கும். தண்ணீர் அந்தச் சந்தில் ஓடிவிடும், நடுவில் வேர் வறண்டே கிடக்கும். அப்போது தொட்டியை அரைமணி நேரம் தண்ணீர் நிரப்பிய அகலப் பாத்திரத்தில் வைத்து அடியிலிருந்து ஊறவிடுங்கள். பிறகு ஓரங்களில் மண்ணை அழுத்தி மூடுங்கள்.

இன்னொன்று. மதியம் இலை தொங்கினால் உடனே தண்ணீரை ஊற்றாதீர்கள். இலை தண்ணீரை இழக்கும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாததால் செடி தற்காலிகமாகத் துவளும். மாலையில் நிமிர்ந்தால் ஒரு குறையும் இல்லை. காலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் கவலை: ஒன்று மண் வறண்டிருக்கும், அல்லது தண்ணீர் மிகுந்து வேர் அழுகியிருக்கும். விரலை விட்டுப் பார்த்தால் எது என்று தெரியும்.

எதை விதைப்பது

கோடைக்கு வெண்டை முதல் தேர்வு. விதையை இரவு முழுக்க ஊறவைத்து, 2 சென்டிமீட்டர் ஆழத்தில், தரையில் ஓர் அடி இடைவெளியில் நேரடியாக ஊன்றுங்கள். 40 முதல் 50 நாளில் காய் வரும். பூத்த ஐந்தாறு நாளில் காயைப் பறித்துவிட வேண்டும். முற்றவிட்டால் செடி விதையைக் காப்பதில் முனைந்து புதுப்பூ வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். கொத்தவரையும் தட்டைப்பயறும் வெயிலுக்கு அஞ்சாதவை, உரமும் அதிகம் கேட்காது. தண்டுக்கீரை, சிறுகீரை விதையை மணலோடு கலந்து தூவினால் சீராக விழும், மூன்று நான்கு வாரத்தில் பறிக்கலாம்.

தக்காளியைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் சூடாகவே இருந்தால் மகரந்தம் வீரியம் இழக்கும், பூ காம்போடு உதிரும். எந்தக் கரைசலும் அதைத் தடுக்காது. வெயிலில் பாதியைத் தடுக்கும் 50 சதவீத நிழல்வலையைச் செடிக்கு மேல் குறைந்தது மூன்றடி உயரத்தில், மேற்குப் பக்கமும் இறங்கும்படி கட்டி, செடியை உயிரோடு வைத்திருந்தால் வெப்பம் தணிந்ததும் காய்க்கும். வெண்டைக்கும் கொத்தவரைக்கும் வலை தேவையில்லை. கட்டினால் நெட்டையாக வளர்ந்து காய்ப்புக் குறையும்.

கொடிகளில் முதலில் ஆண்பூக்களே வரும், வெயில் கூடினால் இன்னும் கூடும். பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தால் பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கை நடக்கவில்லை என்று பொருள். ஆண்பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண்பூவின் (அடியில் குட்டிப் பிஞ்சு இருப்பது) நடுவில் தடவுங்கள். பாகல், பூசணி, வெள்ளரிக்கு இது காலையில். பீர்க்கனும் சுரையும் மாலையில் பூப்பதால் அப்போதுதான்.

பூச்சி

கோடையின் பெரிய எதிரி செஞ்சிலந்தி, இலைச்சாற்றை உறிஞ்சும் தூசியளவு சிற்றுயிர். இலை மேல்பக்கம் ஊசி குத்தியது போல் வெளிறிப் புள்ளி விழுந்திருந்தால், அடியில் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் அதுதான். வறண்ட சூட்டில் மளமளவென்று பெருகும். மூன்று நாளுக்கு அதிகாலையில் இலையின் அடிப்பக்கம் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினாலே பாதி போய்விடும். மீதிக்கு வேப்பெண்ணெய்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி. முதலில் எண்ணெயோடு சோப்புக் கரைசல் 2 மில்லியை நன்றாகக் குழைத்து, அது பால்போல் ஆன பிறகு தண்ணீரைச் சேருங்கள். எண்ணெய் தனியே மிதந்தால் தெளிக்காதீர்கள், அது படும் இடம் கருகும். வெயில் இறங்கிய பின்தான் தெளிக்க வேண்டும், வாரம் ஒருமுறை போதும்.

கத்தரியில் ஒரு கொழுந்து மட்டும் வாடினால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது. வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே நறுக்கி, தோட்டத்தில் போடாமல் அழித்துவிடுங்கள். தெளிப்பு உள்ளே போகாது. வெண்டை இலையின் நரம்புகள் வலைபோல் மஞ்சளானால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ், மருந்தே கிடையாது. செடியைப் பிடுங்கிவிட்டு, மற்றவற்றுக்கு அருகே மஞ்சள் ஒட்டும் அட்டையைத் தொங்கவிடுங்கள்.

ஊட்டம்

கோடையில் உரம் கொஞ்சமாக, நீர்த்து, ஈர மண்ணுக்கு மட்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யாவை வடிகட்டி மாலையில் தெளிக்கலாம். கடலைப் புண்ணாக்கு 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து வேரில் ஊற்றலாம். காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் வெந்துவிடும். தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகினால் முட்டை ஓட்டைத் தேடி ஓட வேண்டாம். மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தாலும், ஒருநாள் வறட்சி, மறுநாள் வெள்ளம் என்று தண்ணீர் தாறுமாறானால் அது காய்க்குப் போய்ச் சேராது. ஈரத்தைச் சீராக்கினால் அடுத்த காய்கள் நன்றாக வரும்.

முதல் மழை விழுந்ததும் நிழல்வலையை அவிழ்த்துவிட்டு, மூடாக்கைத் தண்டிலிருந்து இன்னும் தள்ளி ஒதுக்கி, தொட்டித் துளைகளைக் குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள்.