அன்லெஸ் சொல்லிக் கொடுக்கும்போது தமிழிலிருந்து தொடங்குங்கள்

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 'அன்லெஸ்' (unless) என்ற ஆங்கிலச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் கேட்டால் பெரும்பாலும் 'அன்லெஸ் யூ டோன்ட் ஸ்டடி, யூ வில் ஃபெயில்' என்று, தேவையில்லாத ஒரு டோன்ட்டோடுதான் வரும். 'அன்லெஸ் என்றால் இஃப் நாட்' என்று போர்டில் எழுதிப் போட்டுவிட்டு நகர்ந்தால் இது போகவே போகாது, ஏனென்றால் பிள்ளை அதில் இஃப்பை மட்டும் பிடித்துக்கொண்டு நாட்டைத் தன் பங்குக்குத் தனியாகச் சேர்க்கிறது.

அதனால் முதலில் ஆங்கிலமே வேண்டாம். 'படித்தால்', 'படிக்காவிட்டால்' என்று இரண்டை எழுதுங்கள். இரண்டாவதில் 'இல்லை' எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கொஞ்சம் தேடுவார்கள், அந்தக் 'கா'வில் உள்ள நெடில் ஆகாரம்தான் எதிர்மறை என்று யாராவது கண்டுபிடிக்கும்வரை விடுங்கள். சரி, உள்ளேயே ஒரு 'இல்லை' இருக்கும்போது இன்னொன்றைச் சேர்த்து 'படிக்காமல் இல்லாவிட்டால்' என்று சொல்வோமா? பொருளே தலைகீழாகிவிடும். அன்லெஸ்ஸும் இதே கதைதான். அந்தச் சொல்லைக் கையால் மறைத்துவிட்டு மீதியைப் படிக்கச் சொல்லுங்கள்: 'யூ ஸ்டடி'. அங்கே டோன்ட்டோ நாட்டோ தெரிந்தால், வேண்டுமென்றே எழுதியதாக இல்லாதவரை, அடித்துவிடலாம்.

அடுத்தது 'வில்'. படிக்காவிட்டால் என்பது காலம் காட்டாது, ஆங்கிலத்திலோ நாளைய விஷயமானாலும் அன்லெஸ் பக்கத்தில் நிகழ்காலம்தான், வில் மறுபாதிக்குப் போய்விடும்: 'வீ வில் ப்ளே டுமாரோ அன்லெஸ் இட் ரெயின்ஸ்'. அன்லெஸ் பகுதி முதலில் வந்தால் நடுவில் ஒரு கமா, அவ்வளவுதான்.

பலர் சொல்லித் தராமல் விடுகிற இடம் ஒன்று இருக்கிறது, இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். இஃப் நாட் வருகிற இடமெல்லாம் அன்லெஸ் வராது. 'இஃப் ஹீ டஸ்ன்ட் கம், ஐ வில் பி சர்ப்ரைஸ்ட்' சரி, இதில் அன்லெஸ் போட்டால் தவறு. எப்படிக் கண்டுபிடிப்பது? முக்கியப் பகுதியை முதலில் சொல்லி, அப்புறம் ஒரே ஒரு விதிவிலக்கைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 'நாளை விளையாடுவோம், மழை பெய்தால் மட்டும் இல்லை' என்பது சரியாக உட்காருகிறது. 'எனக்கு ஆச்சரியமாக இருக்கும், அவன் வந்தால் மட்டும் இருக்காது' என்பது உட்காரவில்லை, ஏனென்றால் அவன் வராததுதான் அந்த ஆச்சரியத்துக்கே காரணம். 'இஃப் ஷீ வேர் நாட் ஸோ பிஸி' மாதிரி உண்மைக்கு மாறான கற்பனைக்கும் அன்லெஸ் ஆகாது.

பயிற்சிக்குக் கோடிட்ட இடத்தை நிரப்புக எல்லாம் கடைசியில் கொடுக்கலாம். முதலில் வாய்மொழியாக, 'ஹரி அப், ஆர் யூ வில் மிஸ் த பஸ்' என்று நீங்கள் சொல்ல, 'அன்லெஸ் யூ ஹரி அப், யூ வில் மிஸ் த பஸ்' என்று அவர்கள் மாற்றட்டும். யாராவது டோன்ட் போட்டால் திருத்தாதீர்கள், அவர்கள் சொன்னதையே தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.